பாட்டியின் காப்பிக் கெண்டி

தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்களே இருந்தன. ஈப்போ, புந்தோங்கில் இருந்த அந்தச் சிறிய வரிசை வீட்டில் துப்புரவுப் பணி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. படிவம் நான்கில் பயிலும் பேத்திக்குச் சமையலறையின் மேல்தட்டைத் துடைக்கும் வேலை. நாற்காலியின்மேல் ஏறி நின்று ஒவ்வொரு பொருளாக இறக்கியவளின் கையில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாத்திரம் அகப்பட்டது. தாளைப் பிரித்தாள். பச்சை நிற எனாமல் பூசிய காப்பிக் கெண்டி. வளைந்த மூக்கும், கறுப்பு விளிம்பும், பெரிய கைப்பிடியும் இருந்தன. மூடியைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். உட்புறம் முழுவதும் தார் பூசியதுபோல் கன்னங்கரேல் என்று இருந்தது. அடியில் வெள்ளை நிறத்தில் ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. சிக்கு வாடையும் வீசியது.

“அம்மா, இது என்ன?”

அம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அதைப் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் போட்டுவிடு. யாருக்கு வேண்டும் அது?” என்று கூறிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.

கூடத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டியின் காதிலும் அது விழுந்தது. பாட்டி மறுப்புச் சொல்லவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது. பேத்தி அதைக் கவனித்தாள். கெண்டியை வாசலுக்குக் கொண்டுபோகாமல் கழுவுதொட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

அந்தக் கெண்டி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் நீண்ட உறவு உண்டு. 1877ஆம் ஆண்டிலேயே கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய மரம் எனப் போற்றப்படும் ஒன்று கோலாகங்சார் நகரில் இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் உழைத்தனர். பாட்டி அப்படிப்பட்ட ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்.

தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும். காலைக் குளிர் இருக்கும்வரைதான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். ஆகவே, விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்குச் செல்ல வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிறைக்குப் போவார்கள். அதற்குமுன் வயிற்றுக்குள் சூடாகச் செல்வது வரக்கோப்பி ஒன்றுதான். அடுப்பில் ரப்பர் விறகு எரியும். கெண்டியில் காப்பித்தூளும் சீனியும் போட்டுக் கொதிநீர் ஊற்றுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு குவளை ஊற்றியதுபோக, மிச்சம் போத்தலில் நிரம்பிக் காட்டுக்குப் போகும். அந்தக் கெண்டியைப் பாட்டி ஒரு சம்பள நாளில், தோட்டத்திற்குப் பாத்திரங்கள் விற்க வந்த வியாபாரியிடம் வாங்கினார். மூன்று சம்பளத்தில் சிறுகச் சிறுகக் காசு கொடுத்துக் கடனை அடைத்தாராம்.

பேத்திக்கு இவை எதுவும் அப்போது தெரியாது. பாட்டியின் கை நின்றது மட்டுமே தெரியும். எப்படியாவது அந்தக் கெண்டியைப் பளபளவென்று ஆக்கிப் பாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று எண்ணினாள்.

முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றிப் பஞ்சினால் தேய்த்தாள். நுரை வந்ததே தவிர, கறை அசையவில்லை. அடுத்து இரும்பு நாரை எடுத்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு ஓங்கித் தேய்த்தாள். ‘கரகர’ என்று ஓசை எழுந்தது. அந்த ஓசையைக் கேட்டதும் பாட்டி எழுந்து வந்துவிட்டார்.

“வேண்டாம் கண்ணு, வேண்டாம். நாரை முதலில் கீழே வை.”

பேத்தி கையை எடுத்தாள். கறையின் நடுவே மெல்லிய கீறல்கள் சில தெரிந்தன. பாட்டி விரலால் அவற்றைத் தடவிப் பார்த்தார். நல்ல வேளை, கீறல் ஆழமாக விழவில்லை.

“இதன் மேல்பூச்சு கண்ணாடி மாதிரி. இரும்பு நார் போட்டால் கோடு விழும். கோடு விழுந்தால் அடுத்த கறை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதை யாராலும் எடுக்க முடியாது” என்றார்.

பாட்டி சொன்னது உவமை அன்று, உண்மையே. எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித்தூளைப் பூசி, உலையில் உருக்கி ஒட்டவைத்த பூச்சுதான். அது வழவழப்பாக இருக்கும்வரை எந்தக் கறையும் அதனுள் ஊடுருவாது. மேலே ஒட்டிக்கொள்ள மட்டுமே முடியும். அந்த வழவழப்பை இழந்த பாத்திரமோ ஒவ்வொரு நாளும் புதிய கறையைப் பிடித்துக்கொள்ளும்.

பேத்தி சோர்ந்துவிடவில்லை. சமூக ஊடகத்தில் பார்த்த ஒரு காணொளி அவள் நினைவுக்கு வந்தது. கெண்டிக்குள் சமையல் சோடாவைக் கொட்டினாள். அதன்மேல் வினிகரை ஊற்றினாள். உடனே ‘புசுபுசு’வென நுரை பொங்கி, மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் வெளியே வழிந்தது. எரிமலை வெடித்ததுபோல் இருந்த அந்தக் காட்சியைக் கண்டு அவள் கைதட்டினாள். சற்று நேரத்தில் நுரை அடங்கியது. நீரை ஊற்றிப் பார்த்தாள். கறை இருந்த இடத்திலேயே இருந்தது.

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாம்பலையும் புளியையும் யாராவது ஒன்றாகக் கலப்பார்களா?” என்று கேட்டார்.

“ஏன் பாட்டி, கலந்தால் என்ன?”

“ஒன்றை ஒன்று தின்றுவிடும். உனக்கு எதுவும் மிஞ்சாது.”

பேத்தி அப்படியே நின்றாள். அந்த ஆண்டு வேதியியல் பாடத்தில் அவள் படித்த நடுநிலையாக்கம் அதுதான். சமையல் சோடா காரத்தன்மை உடையது. வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கரிவளி குமிழ்களாக வெளியேறும். பாத்திரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் நீரும் ஓர் உப்பும்தான். நுரை பொங்கும்போது தளர்ந்த துகள்கள் சில அசையலாம். ஆனால், காரத்தின் வலிமையும் போய்விடும்; அமிலத்தின் வலிமையும் போய்விடும். பாடநூலில் சமன்பாடாக எழுதிய அதே செய்தியைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

“இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று அவள் வியப்புடன் கேட்டாள்.

“ஸ்டோரில் பார்த்ததுதான்” என்றார் பாட்டி.

தோட்டத்தில் சேகரித்த பாலை வாளிகளில் சுமந்து பால் ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே நிறுத்து, வடிகட்டி, தொட்டிகளில் ஊற்றுவார்கள். பாலை உறையவைக்க அதில் பார்மிக் அமிலத்தை அளவோடு நீரில் கலந்து சேர்ப்பார்கள். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணமான அமிலம் அதுவே. அதன் பெயரும் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. உறைந்த பாலை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கிப் புகையில் காயவைப்பார்கள். பாலை உறையாமல் நீராகவே அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு அம்மோனியா சேர்ப்பார்கள். அமிலம் கட்டியாக்கும், காரமான அம்மோனியா கட்டியாகாமல் காக்கும்.

“ஒன்று சேர்ப்பதற்கு, மற்றொன்று சேராமல் இருப்பதற்கு. இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் கிராணி சும்மா விடுவாரா? வீட்டிலும் அப்படித்தான். சாம்பலுக்கு ஒரு வேலை, புளிக்கு ஒரு வேலை” என்றார் பாட்டி.

அதன்பிறகு பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கெண்டியை மடியில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

“கறையை எடுப்பதற்கு முன்னால் அது என்ன கறை என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு கறை இல்லை, மூன்று இருக்கின்றன.”

முதலாவது எண்ணெய்ப் பிசுக்கு. காப்பிக்கொட்டையிலேயே எண்ணெய் உண்டு. நம் நாட்டில் பழைய முறையில் காப்பிக்கொட்டையை வறுக்கும்போது சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்கும்வரை வறுப்பார்கள். அந்த எண்ணெய் பாத்திரத்தில் மெல்லிய படலமாகப் படியும். நாளானால் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். காப்பிப் பாத்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால், புதிதாகப் போட்ட காப்பியும் கசந்து போவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது சாயம். காப்பியின் பழுப்பு நிறப் பொருள்களும் கருகிய சீனியும் அந்த எண்ணெய்ப் படலத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக ஏறியிருந்தன. ஈப்போவுக்குப் புகழ் தேடித் தந்த வெள்ளைக் காப்பிக்குக் கொட்டையை வறுக்கும்போது சீனி சேர்ப்பதில்லை. மார்ஜரின் மட்டுமே சேர்ப்பார்கள். அதனால் தூளின் நிறம் வெளிறியிருக்கும். தோட்டத்து வரக்கோப்பியோ சீனி கருகிய கறுப்புத் தூளில் போட்டது. அதன் கறையும் அதைப் போலவே கறுப்பு.

மூன்றாவது சுண்ணாம்புப் படிவு. அடியில் தட்டியிருந்த வெள்ளைப் பொருக்கு அதுதான். ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. சுண்ணாம்புப் பாறை வழியே ஊறிவரும் கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அந்நீரைக் கொதிக்கவைக்கும்போதெல்லாம் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு படியும். சிறு துளி பெருவெள்ளம் ஆவதுபோல, ஆண்டுக் கணக்கில் படிந்த அந்தப் பொடி கல்லாக இறுகிவிடும்.

“எண்ணெயும் சாயமும் காரத்துக்கு விடும். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்போம். இப்போது வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? உன் சோடா மாவே போதும். அடியில் இருக்கும் கல்லுக்குப் புளிப்பு வேண்டும். முதலில் அது, நன்றாகக் கழுவிய பிறகு இது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரவு” என்றார் பாட்டி.

“ஓர் இரவா? அவ்வளவு நேரம் ஏன் பாட்டி?”

“இருபது வருடம் ஏறிய கறை இரண்டு நிமிடத்தில் இறங்குமா?”

பேத்தி பாட்டி சொன்னபடியே செய்தாள். ஒரு லிட்டர் நீரைச் சூடாக்கினாள். கெண்டியில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, சுடுநீரை மெல்ல ஊற்றினாள். மூக்கினுள்ளும் நீர் ஏறும்படி விளிம்புவரை நிரப்பினாள். மூடியை ஒரு கிண்ணத்தில் தனியாக ஊறவைத்தாள். கெண்டியைச் சமையலறை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் சென்றாள்.

அன்றிரவு அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, கெண்டி மேசைமேல் இருப்பதைக் கண்டார். விளக்கை அணைக்காமல் சற்று நேரம் அங்கேயே நின்றார். பாட்டி உறங்கவில்லை. கூடத்தில் படுத்திருந்தபடியே, “போட்டுவிட வேண்டும் என்றால் போட்டுவிடு அம்மா. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை” என்றார்.

“வருத்தம் இல்லையென்றால் ஏன் இத்தனை வருடம் தாளில் சுற்றி வைத்திருந்தீர்கள்?” என்று அம்மா கேட்டார்.

பாட்டி பதில் சொல்லவில்லை. அம்மா அருகில் வந்து அமர்ந்தார்.

அம்மா தோட்டத்தை விட்டு வந்தபோது அவருக்குப் பத்து வயது. பேராக்கின் பல தோட்டங்கள் அடுத்தடுத்துக் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர்கள் இருப்பிடமும் வேலையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்கத்தோடு, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பின்னாளில் ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்ட இடங்களில் செம்பனை வந்தது. நகரங்களுக்கு அருகில் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. பாட்டியின் தோட்டமும் ஒரு நாள் மூடப்பட்டது. லயத்து வீடு தொழிலாளிக்குச் சொந்தமானது அன்று. வேலை போனால் வீடும் போகும். ஒரு லாரியில் ஏற்றக்கூடிய அளவு பொருள்களோடு அக்குடும்பம் ஈப்போவுக்கு வந்தது.

“புதுப் பள்ளியில் என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று சிரிப்பார்கள். தலைமுடியில் புகை வாடை அடிக்கிறது என்பார்கள். அந்தக் கெண்டியைப் பார்த்தாலே எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். நம் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்” என்றார் அம்மா.

“நினைத்ததில் தப்பு இல்லை” என்றார் பாட்டி.

விடிந்தது. பேத்தி ஓடிவந்து கெண்டியைச் சாய்த்தாள். நீர் வரக்கோப்பியைப்போல் கறுப்பாக வெளியேறியது. தேங்காய் நாரைச் சவர்க்கார நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாள். நேற்று எவ்வளவு அழுத்தியும் அசையாத கறை, இன்று ஏடு ஏடாக உரிந்து வந்தது. மூக்கின் உட்புறத்தைப் போத்தல் கழுவும் நீண்ட தூரிகையால் தேய்த்தாள். ஓரிடத்தில் மட்டும் கறை சற்று அடம்பிடித்தது. அங்கே சோடா மாவைச் சில சொட்டு நீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்தாள். அதுவும் போயிற்று. உள்ளே வெள்ளை எனாமல், பால்போல் வெளிப்பட்டது. சிக்கு வாடையும் மறைந்திருந்தது.

கெண்டியை மூன்று முறை அலசியபின் அடியில் இருந்த சுண்ணாம்புப் படிவை எடுக்கும் வேலை தொடங்கியது. வினிகரையும் நீரையும் சரிபாதியாகக் கலந்து, பொருக்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினாள். சிறு சிறு குமிழ்கள் எழுந்தன. இம்முறை அவள் கைதட்டவில்லை. காரணம் அறிந்து கவனித்தாள். சுண்ணாம்பை அமிலம் கரைக்கும்போது வெளியேறும் கரிவளிதான் அது. அரை மணி நேரத்தில் பொருக்கு நெகிழ்ந்தது. மரக்கரண்டியின் முனையால் தொட்டதும் பெயர்ந்து வந்தது.

“உடனே கழுவிவிடு. புளிப்பை ராத்திரி முழுக்க வைத்தால் எனாமலின் பளபளப்பு மங்கிவிடும்” என்றார் பாட்டி.

அன்று காலை முழுவதும் வீட்டிலுள்ள பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழுவுதொட்டிக்கு வந்தன. பேத்தி கேட்கக் கேட்கப் பாட்டி சொல்லிக்கொண்டே போனார். அவள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கண்ணாடிக் காப்பிக் குடுவையாக இருந்தால், பனிக்கட்டித் துண்டுகளோடு இரண்டு கரண்டி கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சுழற்றலாம். கை நுழையாத குடுவைக்குள் பனிக்கட்டி கையின் வேலையைச் செய்யும். உப்புத் துகள்கள் தேய்க்கும். எலுமிச்சையின் புளிப்பு படிவைக் கரைக்கும். ஆனால், குடுவை நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் பனிக்கட்டியைப் போட்டால் விரிசல் விடும்.

பித்தளைக் குவளைக்குப் புளியே சிறந்தது. பித்தளையின்மேல் படரும் மங்கலைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா மாவு ஆகாது. காரம் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும். அதற்குப் புளி கரைத்த நீரோ எலுமிச்சைத் தோலோ போட்டுச் சிறிது நேரம் கொதிக்கவைத்துக் கழுவலாம். எவர்சில்வர் பிளாஸ்க்கின் உட்புறத்திற்குச் சுடுநீரும் சோடா மாவும் போதும். ஊறும் வேளையில் மூடியை இறுக மூடாமல் விட வேண்டும்.

ஒன்றை மட்டும் அம்மா சொன்னார். அவர் ஓர் உணவகத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். “வெளுப்புத் திரவத்தை வினிகரோடும் எலுமிச்சையோடும் கலக்கவே கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். அம்மோனியா கலந்த திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. எங்கள் சமையற்கூடச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.”

பேத்தி அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டாள். பாட்டியின் அறிவும் அம்மாவின் அறிவும் பள்ளியில் கற்ற பாடமும் அந்த ஒரே பக்கத்தில் இடம்பெற்றிருந்தன. ‘கண்டதைக் கலக்காதே’ என்ற பாட்டியின் எச்சரிக்கை, சாம்பல், புளிக் காலத்தைவிட, கடையில் பலவகைத் திரவங்கள் விற்கும் இக்காலத்திற்குத்தான் மிகுதியாகப் பொருந்துகிறது.

கெண்டி இப்போது வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வெளிப்புறத்தில், அடிவிளிம்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்திற்கு எனாமல் பெயர்ந்து, துருவேறிய ஒரு வடு தெரிந்தது. பேத்தி எலுமிச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு அருகில் சென்றாள்.

“அதை விட்டுவிடு” என்றார் பாட்டி. “அது கறை இல்லை, அடிபட்ட இடம். பூச்சு போனது போனதுதான். உள்பக்கம் பெயர்ந்திருந்தால் இதில் காப்பி போட விடமாட்டேன். வெளியில்தானே, இருக்கட்டும். ஈரம் படாமல் துடைத்து வைத்தால் போதும்.”

“எப்படி அடிபட்டது பாட்டி?”

பாட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் பதில் சொன்னார்.

“நான்தான் போட்டுவிட்டேன். லாரியிலிருந்து இறங்கும்போது என் கையில் கொடுத்திருந்தார்கள். கால் தடுக்கிக் கல்மேல் விழுந்துவிட்டேன். புது வீட்டு வாசல் அது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி அடிக்கப் போகிறார் என்று பயந்தேன்.”

“அடித்தார்களா?”

“இல்லை. கெண்டியைப் பார்க்கவே இல்லை. என் முழங்காலைத்தான் பார்த்தார்.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பேத்தி எலுமிச்சைத் துண்டைக் கீழே வைத்துவிட்டு, உலர்ந்த துணியால் அந்த இடத்தை ஒற்றித் துடைத்தாள்.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. பேத்தி சமையலறைக்கு வந்தபோது அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கெண்டியை எடுத்துச் சுடுநீரால் ஒரு முறை அலசினார். காப்பித்தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி, மூடியை மூடினார். மணம் கூடம்வரை பரவியது. முதல் குவளையைப் பாட்டியிடம் நீட்டினார். பாட்டி ஒரு மிடறு பருகிவிட்டு, “சீனி கொஞ்சம் தூக்கல்” என்றார்.

“தோட்டத்தில் இப்படித்தானே போடுவீர்கள்?” என்றார் அம்மா.

அன்று வந்த விருந்தினர் சிலர் அந்தக் கெண்டியைப் புதிதாக வாங்கியதா என்று கேட்டனர். “பழையதுதான். எங்கள் தோட்டத்துக் கெண்டி” என்று அம்மாவே சொன்னார். விருந்தினர் சென்றதும் பேத்தி கெண்டியை எடுத்து, காப்பியின் மட்டியைக் கொட்டிவிட்டு, சூடு ஆறுமுன்னே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். அன்றன்றைய கறையை அன்றன்றே கழுவிவிட்டால் சோடா மாவுக்கும் வேலை இல்லை. வினிகருக்கும் வேலை இல்லை என்பதையும் அவள் குறிப்பேட்டின் கடைசி வரியாக எழுதியிருந்தாள்.

நம் வீடுகளில் உள்ள மூத்தோர் பலர் ஏட்டுக்கல்வி அதிகம் பெறாதவர்கள். ஆயினும், அடுப்படியிலும் தோட்டத்திலும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கற்ற அறிவு அவர்களிடம் இலைமறை காய்போல் இருக்கிறது. எது எண்ணெய், எது சாயம், எது சுண்ணாம்பு என்று பிரித்தறியாமல் தேய்ப்பவர் பாத்திரத்தையே கீறிவிடுவார். அறிந்து, அதற்கேற்றதைச் சேர்த்து, பொறுமையோடு காத்திருப்பவருக்கோ கறை தானாக விடும். அதைப்போலவே, நம் குடும்பத்தின் பழைய பொருள் ஒன்றை வீசி எறியுமுன், அதில் ஒட்டியிருப்பது கழுவ வேண்டிய அழுக்கா, காக்க வேண்டிய நினைவா என்று வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நன்று.